முப்பத்தொன்றாவது அடிக்குப் பிறகு

துபாயில், அல் குசைஸில் ஒரு பழைய நாலு மாடிக் கட்டடத்தின் பின்பக்கம் கௌஸ் முகம்மதுவின் பக்காலாவுக்குச் சேர்ந்த குடோன் இருக்கிறது. பக்காலா என்றால் இங்கே மளிகைக் கடை. குடோனில் அரிசி மூட்டைகளுக்கும் தண்ணீர்க் கேன்களுக்கும் நடுவே இருபதடிக்குப் பதினைந்தடி தரை காலியாக இருக்கும். அதுதான் எங்கள் குங்ஃபூ பள்ளி. மாஸ்டரையும் சேர்த்து ஏழு பேர். ஏழு பேரையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் நல்ல முழங்கால் மூன்று தேறும். எல்லாரிலும் இளையவரான பாண்டித்துரைக்கு வயது ஐம்பத்து மூன்று, கூடவே சர்க்கரை. வகுப்பு தொடங்குமுன் அவர் சட்டைப் பையில் மிட்டாய் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது எங்கள் பள்ளியின் முதல் பாடம்.

மாஸ்டர் கார்மேகம் முதுகுளத்தூர்ப் பக்கத்துக்காரர், ஐம்பத்தெட்டு வயது, தொழில் டைல்ஸ் மேஸ்திரி. பகலெல்லாம் மண்டி போட்டு டைல் ஒட்டுவார், லீவு நாளில் மிச்சமான டைல்களைக் கையால் உடைப்பார். ஒரே பொருளை ஒட்டவும் உடைக்கவும் இரண்டு சாஸ்திரம் கற்ற மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

என் பெயர் ஜெயசீலன். டைப்பிங் சென்டரில் விசா பாரம் அடிக்கிறவன். ஆங்கிலமும் கொஞ்சம் அரபியும் தெரிந்ததால் இந்தப் பள்ளியின் ஒரே அறிவாளி நான்தான் என்று ரொம்ப வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நம்பிக்கைக்கு என்ன ஆயிற்று என்பதும் இதில் வரும்.

கார்மேகம் 1992இல் அபுதாபிக்கு மேற்கே ருவைஸுக்கு வந்தார். சுத்திகரிப்பு ஆலைக் குடியிருப்புகளுக்கு டைல் ஒட்டும் வேலை, கேம்பில் எட்டுப் பேருக்கு ஒரு ரூம். மற்றவர்கள் லீவு நாளில் சீட்டு விளையாடினார்கள், துணி துவைத்தார்கள், ஊரை நினைத்து அழுதார்கள். இவர் மட்டும் அபுதாபியில் எங்கேயோ ஒரு வீடியோ கேசட் வாங்கி வந்தார். அதில் ஹாங்காங் கிழவர் ஒருவர் நாற்பது அடி கொண்ட ஒரு பயிற்சியை மெதுவாகச் செய்து காட்டுவார். கேம்பின் பொழுதுபோக்கு அறையில் அதைப் போட்டு, வாரத்துக்கு ஓர் அடி வீதம் கற்றார். முப்பத்தொன்றாவது அடிவரை வந்துவிட்டார். கேசட்டை அந்த இடத்திலேயே நிறுத்தி, அடுத்த வாரத்துக்காக அலமாரியில் வைத்தார். அதற்குள்தான் நான் அதைக் கெடுத்தேன்.

அப்போது அந்தக் கேம்பில் நான் டைம் கீப்பர். பொழுதுபோக்கு அறையின் இரண்டு வீடியோ டெக்குகளுக்கும் சாவி என்னிடம்தான் இருந்தது. ஒரே விமானத்தில் என்னோடு வளைகுடாவுக்கு வந்த கௌஸ் முகம்மது துபாயில் கடையில் நின்றான். கீழக்கரையில் அவன் தங்கை ஜுலைஹா பீவிக்குக் கல்யாணம் நடந்தது. அவனுக்கு லீவு கிடைக்கவில்லை, சவூதியில், யான்புவில் இருந்த அண்ணனுக்கும் கிடைக்கவில்லை. அவர்கள் வாப்பா மீரா சாகிப் கல்யாண வீடியோவை, வீட்டில் யாரும் போட்டுப் பார்ப்பதற்கு முன்பே, பிள்ளைகள் முதலில் பார்க்கட்டும் என்று கொடுத்தனுப்பினார். இருந்தது ஒரே கேசட். அதைப் பிரதி எடுத்துக்கொண்டு அசலை யான்புவுக்கு அனுப்பிவிடும்படி கௌஸ் என்னிடம் சொன்னான்.

எடுத்தேன். காலி கேசட் என்று நினைத்து அலமாரியில் இருந்த கார்மேகத்தின் கேசட்டை எடுத்தேன். முப்பத்தொன்றாவது அடியில் ஒற்றைக் காலில் நின்ற ஹாங்காங் கிழவர் காலைக் கீழே வைப்பதற்குள் கீழக்கரைக் கல்யாணம் தொடங்கிவிட்டது. அந்தக் கல்யாணமும் முழுதாக ஏறவில்லை. இரண்டாவது பந்தி நடந்துகொண்டிருக்கும்போதே கேசட் தீர்ந்துவிட்டது. நான் இதைக் கண்டுபிடிப்பதற்குள் அசல் யான்புவுக்குப் போய், பத்து ரூம் சுற்றி, காணாமலே போய்விட்டது.

ஒரு நல்ல மனிதன் என்ன செய்வான்? இருவரிடமும் உண்மையைச் சொல்வான். நான் கௌஸிடம், கேசட் மெஷினில் சிக்கி அறுந்துவிட்டது என்றேன். கார்மேகத்திடம், யாரோ விஷமம் செய்துவிட்டார்கள் என்று அவரோடு சேர்ந்து அந்த யாரோவைத் திட்டினேன். மூன்று வாரம் கழித்து மீரா சாகிப் மாரடைப்பில் இறந்துபோன செய்தி வந்தது. அதற்குப் பிறகு எந்த முகத்தோடு சொல்வது? வாயை மூடிக்கொண்டேன், வெட்கமாகத்தான் இருந்தது.

கார்மேகம் அதற்காகத் தளர்ந்துவிடவில்லை. இரண்டு மாதத்தில் மிச்சம் ஒன்பது அடியும் தனக்கு வந்துவிட்டதாக அறிவித்தார். எப்படி என்று கேட்டதற்கு, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தபோது தோன்றியது என்றார். நான் பார்த்தேன். இடது தோளில் எதையோ ஏந்துவது போலக் கையை மடக்கி, குறுகலான சந்தில் நடப்பது போல வளைந்து வளைந்து, முப்பத்தைந்தாவது அடியில் இடது காலைத் தரையில் இழுத்து வைத்து, கடைசியில் முழங்கால் மடக்கிக் குனிந்து எதையோ கீழே வைத்தார். கல்யாண வீடியோவில் சஹன் தூக்கிப் போகும் பெரியவர் அப்படித்தான் நடப்பார். சஹன் என்றால் நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடும் பெரிய தாம்பாளம். இந்த முட்டாள் மனிதர் பந்தி பரிமாறுவதைக் குங்ஃபூ என்று நம்பிவிட்டாரே என்று எனக்குள் சிரித்தேன். சிரிப்பதைத் தவிர வேறு யோக்கியதை எனக்கில்லை.

1999இல் நாங்கள் இருவரும் அல் குசைஸுக்கு வந்தோம். நான்தான் கார்மேகத்தை கௌஸின் கடைக்குக் கூட்டிப்போனேன். அதற்குள் கௌஸ் பக்காலா முதலாளி ஆகியிருந்தான். பேச்சுவாக்கில், மாஸ்டர் வைத்திருந்த கேசட் ஓடி ஓடி வெறும் வெள்ளைக் கோடாகிக் குப்பைக்குப் போன கதையும் வந்தது. அந்த நாற்பது அடியை ஒருமுறை செய்து காட்டச் சொன்னான் கௌஸ். கடை வாசலில், பார்க்கிங்கில், வெயிலில் கார்மேகம் செய்து காட்டினார். முடிந்ததும் கௌஸ் கடைக்குள் போய்க் குடோன் சாவியை எடுத்து வந்தான். அதை மாஸ்டர் கையில் வைத்து, இனி லீவு நாள் காலையில் இங்கேயே நடத்துங்கள், நானும் சேர்கிறேன் என்றான். அதற்கு முன் கௌஸ் மாடிப்படி ஏறுவதையே உடற்பயிற்சி என்று நினைத்தவன். குங்ஃபூ பைத்தியம் இப்படியும் தொற்றுமா என்று வியந்தேன்.

இப்படித்தான் பள்ளி ஓடியது. யாரும் யாரையும் அடித்ததில்லை. ஆனால் ஒன்றைக் கேலி இல்லாமல் சொல்லிவிடுகிறேன். எங்களில் பலருக்கு இந்த ஊரில் சொந்தமென்று இருப்பது இரண்டடுக்குக் கட்டிலில் ஒரு தட்டு. வேலையில் எங்களுக்குப் பெயர் கிடையாது, கார்டு நம்பர்தான். அந்த இருபதடித் தரையில் மட்டும் நிமிர்ந்து நின்றோம். அது போனால் ஏழு பேரும் ரூமுக்குள் முடங்கி, போனைப் பார்த்தே கிழவனாகிவிடுவோம் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

போகும் காலமும் வந்தது. கட்டடம் கைமாறியது. புதிய நிர்வாகம் முதல் மாடியில் கண்ணாடிச் சுவர் போட்ட ஜிம் ஒன்றைக் கொண்டுவந்தது. அந்த ஜிம்முக்கு ஜூஸ் கடை வைக்க இடம் வேண்டுமாம். குடோனைப் பார்க்க நிர்வாகத்திலிருந்து ருமைஸா என்ற பெண் வந்தாள். துபாயிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண், முப்பது வயதிருக்கும், மரியாதை தெரிந்தவள். கதவைத் திறந்தபோது ஏழு கிழவர்கள் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தோம்.

"அங்கிள், பேப்பர்ல இது ஸ்டோரேஜ். நீங்க என்ன ஸ்டோர் பண்றீங்க?" என்றாள்.

இது பள்ளிதான் என்று நிரூபிக்க கார்மேகம் ஒரு டைலை எடுத்து இரண்டு மூட்டைகளுக்கு நடுவே வைத்து உள்ளங்கையால் ஓங்கி அடித்தார். உடையவில்லை. மறுபடி அடித்தார். அசையவில்லை. மூன்றாவது அடிக்குப் பிறகு கையை உதறிக்கொண்டே டைலைத் திருப்பிப் பார்த்து, இது நல்ல கம்பெனிச் சரக்கு, இதெல்லாம் உடையாது என்று அந்தப் பெண்ணுக்கு விளக்கினார். அவர் முகத்தில் பெருமைதான் இருந்தது. ருமைஸா சிரிக்காமல் கேட்டுக்கொண்டாள். அதற்காகவே அவளை எனக்குப் பிடித்துப்போயிற்று.

போகும்போது ஒரு வழி சொன்னாள். அங்கீகாரம் பெற்ற பள்ளி என்று ஏதாவது கூட்டமைப்பின் சான்றிதழ் இருந்தால் நிர்வாகத்திடம் பேசி இடத்தை அந்தப் பெயரிலேயே விட்டுவிடலாம், இல்லையென்றால் மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். பாண்டித்துரை ஜிம்காரர்களைச் சண்டைக்கு அழைப்போம் என்றார். அன்று மாலையே ஜிம் பயிற்சியாளர் இறங்கி வந்து, வழியில் கிடந்த எங்கள் மணல் மூட்டையை ஒரே கையால் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, குட் ஈவ்னிங் சார் என்று சொல்லிப் போனார். சண்டைத் திட்டம் அதோடு கைவிடப்பட்டது.

பாரம் அடிப்பதுதான் என் வேலை. விண்ணப்பம் போட்டேன். ஒரு குங்ஃபூ கூட்டமைப்பிலிருந்து கேப்டன் ஈசா என்ற எகிப்தியர் நேரில் வந்து பார்ப்பார் என்று பதில் வந்தது. இங்கே விளையாட்டுப் பயிற்சியாளர் எல்லாருமே கேப்டன்தான், கப்பலுக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை. நாற்பது அடியையும் பிசகில்லாமல் செய்து காட்ட வேண்டும் என்று கடிதத்தில் போட்டிருந்தது.

போனில் தேடினேன். அந்தப் பயிற்சியை யாரோ ஒரு பெண் முழுதாகச் செய்து போட்டிருந்தாள். முதல் முப்பத்தொன்று எங்களுடையதேதான். கடைசி ஒன்பதுக்கும் எங்கள் ஒன்பதுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

அடுத்த நாள் மதியம் கார்மேகம் வேலை செய்த வில்லாவுக்குப் போனேன். குளியலறையில் மண்டி போட்டு டைல் பதித்துக்கொண்டிருந்தார். வாசலில் நின்றபடி போனை நீட்டி, முப்பது வருஷத்துக் கதையையும் கொட்டினேன். கேசட்டைக் கெடுத்தது நான்தான் என்றேன். அவர் திரும்பக்கூட இல்லை.

"தெரியும் சீலன். அந்தக் கேம்புல ரெண்டு டெக்குக்கும் சாவி ஒங்கிட்ட மட்டுந்தான இருந்துச்சு."

"அப்ப அந்த ஒம்பது அடி கல்யாணத்துல இருந்து வந்ததுன்னும் தெரியுமா?"

"எனக்கென்ன கண்ணு குருடா? ஹாங்காங்குல யாருய்யா பிரியாணி போடுறது?" டைல் மேல் வைத்த ரசமட்டத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டே சொன்னார். "எரநூறு பேரு சம்மணம் போட்டு ஒக்காந்திருக்காக. ஒருத்தரு முட்டியில அந்தப் பெரியவரு காலு படல. காலு வேற ஒண்ணு சரியில்ல அவருக்கு. ஆனாலும் தோள்ல சஹன் ஒரு நூலு சாயல. நானும் இத்தன வருசமா மட்டம் பாக்குறேன், அப்புடி ஒரு மட்டம் பாத்ததில்ல. பாதியில நிக்கிற வேலைய அவர வச்சு முடிச்சேன்."

கௌஸின் கல்லாப் பெட்டிக்குள் அவன் வாப்பாவின் பாஸ்போர்ட் போட்டோ இருக்கிறது. வந்த முதல் வாரமே அதைப் பார்த்து, சஹன் தூக்கிய பெரியவர் யாரென்று கார்மேகம் தெரிந்துகொண்டிருக்கிறார். விருந்து வைத்த மனிதரின் நடையை அடிதடிக்கு வைத்திருக்கிறேன் என்று தெரிந்தால் பாய் மனசு நோகும் என்றுதான் இத்தனை நாள் மூச்சு விடவில்லையாம். இப்போதும் சொல்லக்கூடாது என்றார். அடுத்த டைலை எடுத்துக்கொண்டே, இடம் முக்கியம், ஒன்பதையும் மாற்றிவிடலாம் என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகம் எனக்குத் தெரியவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வகுப்பில் புதிய அடிகளைக் கற்கத் தொடங்கினோம். ஐம்பது வயசுக்கு மேல் புதிதாகக் கால் தூக்குவது என்பது பார்ப்பவர்களுக்குத்தான் வேடிக்கை. ஆனால் இருபத்தைந்து வருஷமாக மாஸ்டர் சொல்லுக்கு மறுசொல் சொல்லாத கௌஸ் முகம்மது முதல் தடவையாக முரண்டு பிடித்தான். பழசே இருக்கட்டும் மாஸ்டர் என்றான். காரணம் கேட்டால் முட்டி வலி என்றான். முட்டி எங்களுக்கு மட்டும் என்ன வாழ்கிறது? எல்லாரும் காலைத் தூக்கும்போது இவன் மட்டும் மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். இந்தக் கழுதை ஒன்றே பள்ளியைக் கவிழ்த்துவிடும் என்று நான் வாய்விட்டே திட்டினேன். அவன் எனக்குத் தேநீர் வரவழைத்தான்.

பரீட்சை ஒரு ஞாயிறு காலை. கேப்டன் ஈசா பருத்த மனிதர், ஐம்பது வயது, தூக்கம் கலையாத கண். அரிசி மூட்டை மேல் உட்காரவைத்து, பால் இல்லாத சுலைமானித் தேநீர் கொடுத்தோம். ருமைஸாவும் வந்து கதவோரம் நின்றாள். தொடங்கினோம். முப்பத்தொன்றுவரை, என்னைக் கேட்டால், பார்க்கும்படியாகவே இருந்தது.

முப்பத்திரண்டில் ஐந்து பேர் வலப்பக்கம் திரும்பிப் புதிய அடியை வைத்தோம். பாண்டித்துரை மறந்துபோய் இடப்பக்கம் திரும்பி என் மேல் மோதினார். கௌஸ் முகம்மது மட்டும் இடது கையை மடக்கித் தோளுக்குக் கொண்டுபோனான். இல்லாத சஹனை ஏந்திக்கொண்டு, இல்லாத பந்திக்கு நடுவே நடந்தான். முப்பத்தைந்தாவது அடியில் இடது காலை இழுத்து வைத்தான். கார்மேகம் அப்படியே நின்றுவிட்டார். பிறகு தன் புதிய அடியை விட்டுவிட்டு கௌஸுக்குப் பின்னால் போய்ச் சேர்ந்துகொண்டார். மாஸ்டரே போன பிறகு நாங்களும் போனோம். புதிய அடி யாருக்கும் சரியாக வரவில்லை என்பதும் ஒரு காரணம்.

கேப்டன் தேநீரைக் கீழே வைத்தார். கடைசி ஒன்பதும் தான் எங்குமே பார்த்திராதது, இது யாருடையது என்று கேட்டார். மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். கௌஸ்தான் பதில் சொன்னான், கடையில் சாமான் விற்றுப் பழகிய அரபியில். இது என் தகப்பனார் நடை என்றான். பிறகு தமிழில் மாஸ்டர் பக்கம் திரும்பினான்.

"மொத நாளே தெரியும் மாஸ்டர். தோணியில நசுங்குன காலு அது. வாப்பா தவிர வேற யாரும் அந்தக் கால அப்புடி இழுத்து வைக்க மாட்டாக. கல்யாணத்தன்னைக்கு எங்க வாப்பாவ நான் பாக்கல. ஒங்க கால்லதான் பாத்தேன். கேட்டா நீங்க வெக்கப்பட்டு மாத்திருவீகன்னு பயந்துதான் கேக்கல."

என்னையும் விடவில்லை. "கேசட்டு மெஷின்ல சிக்கிருச்சுன்னு சொன்னியே சீலா, அதுவுந்தான் அன்னைக்கே தெரிஞ்சிருச்சு" என்றான். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. ஏழு பேர் பள்ளியில் எல்லாம் தெரிந்தவன் நான் என்று நினைத்திருந்தேன். தெரிந்தவர்கள் இரண்டு பேர் கால் நூற்றாண்டாக ஒருவர் மனசு ஒருவருக்கு நோகக்கூடாது என்று பேசாமல் இருந்திருக்கிறார்கள். எதுவும் புரியாமல் சிரித்துக்கொண்டிருந்த அறிவாளி நான் ஒருவன்தான்.

உங்கள் தகப்பனார் எந்தப் பள்ளி என்று கேப்டன் கேட்டார். பள்ளி இல்லை, விருந்தாளிகளுக்குச் சாப்பாடு கொண்டுபோவார் என்றான் கௌஸ். கேப்டன் ஒன்பதையும் இன்னொரு முறை செய்து காட்டச் சொன்னார். அந்த முறை கௌஸும் மாஸ்டரும் மட்டும் செய்தார்கள். பேனாவை எடுத்தவர் என் பக்கம் திரும்பி, அந்தத் தகப்பனார் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொன்னார்.

சான்றிதழ் இரண்டு வாரத்தில் வந்தது. முப்பத்தொரு அடி பழைய மரபு, ஒன்பது அடி குடும்ப மரபு, நிறுவனர் மீரா சாகிப் என்று பொன்னெழுத்தில் போட்டிருந்தது. வாழ்நாளில் ஒரு கொசுவைக்கூட அடித்திராத மனிதர் குங்ஃபூ குருவாகிவிட்டார். ருமைஸா பேசி இடத்தைப் பள்ளி பெயருக்கு எழுதவைத்தாள். ஜூஸ் கடை மொட்டை மாடிக்குப் போய்விட்டது, வெயிலில் ஜூஸ் நன்றாக விற்கும் என்று சொல்லி அனுப்பினோம்.

சான்றிதழை மாட்டிய ஞாயிறன்று கௌஸ் கீழக்கரைக்கு வீடியோ கால் போட்டான். தங்கை ஜுலைஹா பீவிக்கு இப்போது பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். விஷயத்தை அவன் முன்பே சொல்லியிருந்தான். அவள் தன் கல்யாணத்தன்று பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தவள், ஆண்கள் பந்தியில் வாப்பா சஹன் தூக்கியதைப் பார்த்ததில்லை. கௌஸ் கடையிலிருந்து ஒரு பெரிய தாம்பாளத்தை எடுத்து வந்து மாஸ்டர் தோளில் வைத்தான். கார்மேகம் ஒன்பது அடியும் நடந்து, குனிந்து, தாம்பாளத்தைத் தரையில் சத்தமில்லாமல் வைத்தார். போனில் அவள் சேலைத் தலைப்பு முகத்துக்குப் போவது தெரிந்தது. பிறகு மாஸ்டரிடம் கேட்டாள்.

"அண்ணே, எல்லாருக்கும் தூக்கிட்டுப் போனாகளே, அன்னைக்கு எங்க வாப்பா சாப்புட்டாகளா?"

கார்மேகம் யோசிக்கவே இல்லை. "கடைசிப் பந்தியில ஒக்காந்தாகம்மா. ரெண்டு தடவ சோறு வாங்கி, நல்லா நெதானமாச் சாப்புட்டாக. ஏப்பமே விட்டாக, அதுகூட வீடியோவுல கேட்டுச்சு."

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. கேசட் இரண்டாவது பந்தியிலேயே தீர்ந்துபோயிருந்தது. பதிவு செய்த எனக்கு அது தெரியும். ஆனால் பாதியில் நின்றதை முடித்துவைப்பதில் மாஸ்டருக்கு முப்பது வருஷப் பழக்கம்.